ஐப்பசியில் இரண்டு பேர், இரண்டு நாள்: குற்றாலமா, அம்பையா, திருக்குறுங்குடியா?

புரட்டாசி பிறந்தாலே சென்னை, பெங்களூர்ப் பக்கம் வேலை பார்க்கிற எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "தீபாவளிக்கு வாரோம் அத்தை. வீட்டுல கூட்டமா இருக்கும். நாங்க ரெண்டு பேரு மட்டும் ரெண்டு நாள் மலைப்பக்கம் இருந்துட்டு வரணும். எங்க போலாம்?" தலைதீபாவளிக்கு வருகிற புதுசுகளும் கேட்பார்கள். பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டு, வீட்டுக் கடனும் பள்ளிக்கூட ஃபீஸும் தவிர வேறு எதையாவது பேச நேரம் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்களும் கேட்பார்கள்.

நான் பிறந்தது தென்காசி, வாக்கப்பட்டது அம்பை என்று நாங்கள் சொல்கிற அம்பாசமுத்திரம். இரண்டு ஊரின் மலையும் தண்ணியும் எனக்குப் பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதலில் மழையைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் மலைக்குப் போவது என்றால் எல்லோர் மனதிலும் வருவது ஆனி, ஆடிச் சாரல். அது தென்மேற்குப் பருவம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்ட, இந்தப் பக்கம் பன்னீர் தெளித்தாற்போல் தூறிக்கொண்டே இருக்கும். ஐப்பசி அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில் காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மத்தியானம் வரை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூணு மணிக்கு மேல் மலை உச்சி கருக்கும். பிறகு இடியும் மின்னலுமாக ஒரே கொட்டு. அருவித் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்துக்கு மாறும். அவ்வளவுதான், குளிக்கத் தடை. மறுநாளும் திறப்பார்களா என்பது இரவு மலைமேல் என்ன பெய்தது என்பதைப் பொறுத்தது.

அதனால் ஐப்பசிக்கு ஊர் தேர்வு செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அருவியை அடைத்துவிட்ட அன்றைக்கு அந்த ஊரில் உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஆடியில் யாரும் இதை யோசிக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் இதை யோசிக்காமல் அறை போட்டால், இரண்டு நாளில் ஒரு நாள் லாட்ஜ் ஜன்னல் வழியாக மழை பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற மாதிரி இலை சிவந்து உதிர்கிற காலம் நமக்குக் கிடையாது. நமக்கு இது பச்சை திரும்புகிற காலம். கார் நெல்லை அறுத்து முடித்து, அடுத்த போகமான பிசானத்துக்குத் தொளி அடித்து (வயலைச் சேறாக உழுது), நாற்றங்காலில் விதை முளைத்து நிற்கிற சமயம். அடிவாரத்து வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும். அதில் மலை தலைகீழாகத் தெரியும். இந்தக் காட்சிக்கு டிக்கெட்டும் இல்லை, கேட்டும் இல்லை. எந்த ஊர் இதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறதோ அந்த ஊர்தான் ஐப்பசிக்கு நல்லது என்பது என் முடிவு. இனி ஊர் ஊராகப் பார்ப்போம்.

குற்றாலம், மேக்கரை

குற்றாலத்துக்கு இருக்கிற பெரிய வசதி, அங்கே எல்லாம் இருக்கிறது. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் தென்காசி. அங்கிருந்து ஆட்டோ. எல்லா விலைக்கும் அறை உண்டு. ஆடியில் வாடகை ஏறிக் கிடப்பது ஐப்பசியில் இறங்கியிருக்கும். வார நாள் என்றால் இன்னும் குறைத்துப் பேசலாம்.

ஆனால் கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சேர்ந்து போய், தனித்தனியாகக் குளித்து, ஈரத் துணியோடு ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய குடும்பமாக வருகிறவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. பெண்கள் ஒரு கூட்டமாகப் போய்ச் சிரிப்பும் கூச்சலுமாகக் குளித்துவிட்டு வருவதில் தனி சந்தோஷம் இருக்கிறது. நானே அப்படித்தான் வளர்ந்தேன். இரண்டே பேராக வருகிறவர்களுக்கு, அந்த அரை மணி நேரம் பிரிந்து நிற்கிற நேரம்.

அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை. இதை வைத்து யாரும் போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது என்பதற்காகவே ஒன்றை நினைவூட்டுகிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அது பருவமழைக் காலம்கூட இல்லை, கோடைமழை. அருவியில் நிற்கிறவன் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். தண்ணீர் வருவது மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டிலிருந்து.

சரி, அடைத்துவிட்டார்கள். குற்றாலத்தில் என்ன மிச்சம்? முதலில் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியம். குற்றாலநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். தனியாகக் கொஞ்சம் தள்ளி இருப்பதுதான் காரணம். மழை பெய்கிற மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஐப்பசி விசுத் திருவிழா நடக்கிற நாட்களில் வந்தால் கோயில் வேறு மாதிரி களைகட்டியிருக்கும்.

அடுத்தது ரயில். செங்கோட்டை புனலூர் பாதை 1904-ல் போட்டது. மீட்டர்கேஜாக இருந்ததை 2010-ல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018-ல்தான் மறுபடி முழுதாக ஓட விட்டார்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகை. உள்ளே நுழையும்போது தமிழ்நாட்டு வெயில். ஆரியங்காவுப் பக்கம் வெளியே வரும்போது வேறு காற்று, வேறு ஈரம். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூணு கண் பாலத்தை ரயில் கடக்கும்போது கீழே ரோட்டில் போகிற லாரி தீப்பெட்டி அளவில் தெரியும். தென்மலையில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் ஆரியங்காவு வழியாகத் திரும்பலாம். எந்த ரயில் எப்போது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஓடுகிற வண்டிகள் கொஞ்சம்தான். குற்றாலத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அருவியை விட இந்த ரயிலைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர். பொரித்த நாட்டுக்கோழி, வாழை இலையில் பிய்த்துப்போட்ட பரோட்டா, அதன் மேல் சால்னா.

"கூட்டம் வேண்டாம், ஆனா குற்றாலம் பக்கம்தான் வேணும்" என்பவர்களுக்கு மேக்கரை. பண்பொழி தாண்டி, அச்சன்கோவில் போகிற ரோட்டில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. நடுவே அடவிநயினார் அணை, அணைக்குக் கீழே தென்னையும் நெல்லும். உண்மையான மலைக்கிராமப் பள்ளத்தாக்கு என்று கேட்டால் இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம். வழியில் பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயில் மேலிருந்து பார்த்தால் குளங்களும் வயல்களும் சதுரம் சதுரமாகக் கிடக்கும்.

மேக்கரையில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, "எங்க ரிசார்ட்டுக்குள்ளயே அருவி இருக்கு" என்று ஆசை காட்டுகிற இடங்கள். ஓடையைத் திருப்பிவிட்டுச் செயற்கையாக அருவி உண்டாக்கிய ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. மலையில் இறங்குகிற தண்ணீர் கீழே இருக்கிற வயலுக்கும் ஊருக்கும் சொந்தம். அதை மறித்துப் பத்துப் பேர் குளிப்பதற்காக விற்கிற இடத்தில் காசு கொடுத்துத் தங்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு, யானை. வடகரை, மேக்கரைத் தோப்புகளுக்குள் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பது அடிக்கடி நடக்கிறது. பொழுது சாய்ந்தபின் கைகோத்துக்கொண்டு உலாத்துகிற ஊர் அது இல்லை.

அம்பாசமுத்திரம், பாபநாசம்

என் ஓட்டு இதற்குத்தான். வாக்கப்பட்ட ஊர் என்கிற பாசமும் அதில் சேர்ந்திருக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே எடைபோடுங்கள்.

இங்கே அருவி என்பது நாளின் ஒரு பகுதி மட்டும். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கிற இடம் பாபநாசம். அங்கிருந்து கிழக்கே ஆறு மைல் போவதற்குள் கால்வாய்கள் பிரிய ஆரம்பித்துவிடும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன். பெயரைச் சொல்லும்போதே ஈரம் தட்டும். இந்தக் கால்வாய்க் கரைகள்தான் உங்கள் நடைபாதை. காலை ஆறரைக்குக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் அகத்தியமலைத் தொடர் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். மறுபக்கம் நாற்றங்கால், எலுமிச்சம் பச்சையில், இரண்டு விரல் உயரத்துக்கு. கொக்குகள் டிராக்டருக்குப் பின்னாலேயே போகும். எதிரே சைக்கிளில் வருகிறவர் "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார், பதில் சொல்லுங்கள். அருவிக்குத் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் காலை உங்களுடையது.

பாபநாசம் கோயில் படித்துறைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். படியில் உட்கார்ந்து பொரியைப் போட்டால் கை நீளத்துக்கு மீன்கள் கூட்டமாக வந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கும். பாசி படிந்த படியில் செருப்பில்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கீழ்ப்படிகளில் ஒன்று கண்ணாடி மாதிரி வழுக்கும். அணையில் தண்ணீர் திறக்கிற நாளா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அமாவாசை அன்று மட்டும் போக வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களுக்கு இடம் விடுவதுதான் மரியாதை.

இந்தப் படித்துறையில் என் மனதை அறுக்கிற ஒன்று இருக்கிறது. பரிகாரம் என்று சொல்லிக் குளித்தபின் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். சேலையும் வேட்டியும் பாறை இடுக்கில் சிக்கி, ஊறி, நாறிக் கிடக்கும். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்துப் போடுகிறார்கள். மறுமாதமே மறுபடி நிறைகிறது. நாலு மாவட்டம் குடிக்கிற தண்ணீர் அது. யார் என்ன சாஸ்திரம் சொன்னாலும் நீங்கள் உங்கள் துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அகத்தியர் அருவியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும், தடை இல்லாத நாளில் ஒரு முழுக்குப் போடலாம். மேலே அணை இருக்கிற காரையாறு போக வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பையைப் பறிப்பார்கள், பாட்டில் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடச் சொல்வார்கள். எல்லாம் நியாயம். மேலே சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற இடம், ஐப்பசியில் ஆற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. பாணதீர்த்தம் அருவிக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்; அதை எண்ணி வராதீர்கள். காணி பழங்குடி மக்கள் குடியிருக்கும் பக்கம் போனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பல இடத்தில் போனில் சிக்னல் இருக்காது. அதை நான் ஒரு வசதியாகத்தான் சொல்கிறேன்.

இப்போது நம் சோதனைக்கு வருவோம். மழை, அருவி மூடல், காரையாறு கேட்டும் அடைப்பு. என்ன மிச்சம்? மிச்சம்தான் இங்கே ஜாஸ்தி.

ஆட்டோ பேசிக்கொண்டு பிரம்மதேசம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். நீண்ட கல் மண்டபங்கள், மழைச் சத்தம் உள்ளே எதிரொலிக்கும், ஆள் நடமாட்டமே இருக்காது. பக்கத்தில் மன்னார்கோயில். ராஜேந்திர சோழன் பெயரால் ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று சேர அரசன் ஒருவன் எடுப்பித்த பெருமாள் கோயில். விமானத்தின் மூன்று தளத்தில் நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள். மேல் தளத்துக்கு ஏற முடிந்தால் ஏறிப் பாருங்கள், சுற்றிலும் வயல்.

அதைவிட எனக்குப் பிடித்தது திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் கலக்கிற மேட்டில் நாறும்பூநாதர் கோயில். கருவறையில் லிங்கம் ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போனதால் கடக்க முடியாமல் அக்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர் "நாறும்பூநாதா" என்று கூப்பிட்டாராம். வெள்ளத்தின் இரைச்சலில் குரல் சரியாகக் காதில் விழ சுவாமி தலையைச் சாய்த்தாராம். ஐப்பசி மழையில், ஆறு நிஜமாகவே இரைந்துகொண்டு போகும்போது அந்தச் சந்நிதியில் நின்று இந்தக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலையிலும் மரச்சிற்பமும் சுவரோவியமும் உண்டு. போர்க்களம், கப்பலில் வந்திறங்கும் குதிரைகள், புராணக் கதைகள். ஏறிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும், கிடைத்தால் டார்ச் எடுத்துப் போங்கள், ஓவியத்தின் மேல் கை வைக்காதீர்கள். வெளியே ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகள். 2005-ல் இந்த ஊரைப் பறவைகள் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள். கோயில் பக்கம் வெடி வெடிக்காமல் பறவைக்காக விட்டுக்கொடுத்த ஊர் ஜனங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

நேரம் இருந்தால் கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் விடுதலையாகி வந்த பாரதி 1920 வரை இங்கேதான் இருந்தார். மனைவியின் தோளில் கை போட்டுத் தெருவில் நடந்ததற்காக அந்தக் காலத்தில் ஊர் வாயில் விழுந்தவர். இன்றைக்கு அதே கடையத்தில் பாரதியும் செல்லம்மாளும் சேர்ந்து நிற்கிற சிலை வைத்திருக்கிறார்கள். அவர் பாடித் திரிந்த நித்தியகல்யாணி கோயில் ஊருக்கு வெளியே மலையைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டு பேராகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்றால் இதை விடப் பொருத்தமாக வேறு எதைச் சொல்ல?

சாப்பாடு எளிமைதான். லாட்ஜில் அசத்துகிற ஹோட்டலை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பண்ணை வீடு, ஹோம் ஸ்டே மாதிரி இடத்தில் தங்கினால், முதல் நாளே சொல்லிவைத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கேளுங்கள். ஒரு வேளை சொதி கேளுங்கள். தேங்காய்ப்பால் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சித் துவையலோடு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. தலைதீபாவளி ஜோடிக்குப் பண்ணிக் கொடுக்கச் சொன்னால் எந்த வீட்டு அக்காவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம், வேண்டியவர்களுக்கெல்லாம்.

குறை என்று சொன்னால், குற்றாலம் அளவுக்கு அறை வசதி இல்லை. நல்ல இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். முன்கூட்டியே பேசி வைக்காமல் தீபாவளி வாரத்தில் வந்து நின்றால் அலைய வேண்டியிருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

மாஞ்சோலை பற்றி

"ஊட்டி மாதிரி இருக்காமே, அங்க போலாமா?" இந்தக் கேள்விக்கு நான் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு காரணம் மழை. மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளான நாலுமுக்கும் ஊத்தும் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகிற இடங்களின் பட்டியலில் அடிக்கடி வரும். மணிமுத்தாற்றிலிருந்து ஏறுகிற ரோடு ஒடுக்கம், வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, மழை வலுத்தால் அனுமதியும் இல்லை. இரண்டு நாள் விடுப்பை அப்படி ஒரு கேட்டின் மேல் பணயம் வைக்கக் கூடாது.

இன்னொரு காரணம் மனது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்டது பம்பாய் பர்மா கம்பெனி. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே வாழ்ந்த தொழிலாளர்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் சிதறி ஓடி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். குத்தகை 2028-ல் முடியும் முன்பே, 2024 ஜூனில் வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள். கீழே இறங்கி என்ன பிழைப்பு என்று தவித்தவர்கள் அம்பையிலும் கல்லிடையிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் குடியிருந்த லயன் வீடுகளின் முன்னால் நின்று செல்பி எடுக்க எனக்குக் கை வராது. உங்களுக்கு அந்த மலை வேண்டும் என்றால் மணிமுத்தாறு அணைக்கரையில் நின்று மேலே பாருங்கள். மேகம் விலகினால் அதே மலைதான்.

திருக்குறுங்குடி, களக்காடு

மூன்றில் மிகவும் அமைதியானது இதுதான். மகேந்திரகிரி நிழலில், வாழையும் நெல்லும் சூழ்ந்த ஊர். களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழைத் தோட்டங்கள் ரோட்டின் இரு பக்கமும் சுவர் கட்டின மாதிரி நிற்கும். திருக்குறுங்குடியில் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, பாற்கடல் நம்பி, மலை நம்பி என்று ஐந்து நம்பிகள்; நம்பி என்பது இங்கே பெருமாளின் பெயர். பெரிய கோயிலின் சித்திர கோபுரத்துக்கே ஒரு காலை போய்விடும். திருமங்கையாழ்வார் மோட்சம் அடைந்த இடமான திருவரசு ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கிறது, சாயங்காலம் நடந்தே போகலாம்.

ஆனால் நம் சோதனையில் இந்த ஊர் பாதிதான் தேறுகிறது. மலை நம்பி கோயில் காட்டுக்குள்ளே, ஆற்றை ஒட்டி. மழை வந்தால் வனத்துறை விடாது, விட்டாலும் போகக் கூடாது. களக்காடு தலையணை என்கிற தடுப்பணையும் அப்படித்தான். இரண்டும் அடைத்த நாளில் கோயிலும் வயலும் மட்டும். கோயிலில் மனம் தோய்கிறவர்களுக்கு அது போதும், மற்றவர்களுக்கு இரண்டாம் நாள் மத்தியானமே "அடுத்து என்ன?" என்று தோன்றிவிடும். தங்க வசதியும் குறைவு, வள்ளியூரில் தங்கிப் போய்வர வேண்டியிருக்கலாம். வண்டி இல்லாமல் இந்தப் பக்கம் சிரமம். அம்பையில் இரண்டு நாள் இருந்துவிட்டு, நாகர்கோவில் பக்கம் போகிற வழியில் ஒரு காலை நேரம் இங்கே இறங்குவது நல்ல ஏற்பாடு.

எப்போது, எப்படி

என்னைக் கேட்டால் புரட்டாசிக் கடைசி வாரத்திலிருந்து ஐப்பசி பத்துக்குள், செவ்வாய் முதல் வியாழன் வரை. சரஸ்வதி பூஜை விடுமுறையையும் தீபாவளிக்கு மறுநாளையும் தவிர்த்துவிடுங்கள், எல்லா ஊரிலும் கூட்டம். வெளியே சுற்றுவதை எல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூணு மணிக்கு மேல் கூரைக்குக் கீழே இருங்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பு, இரண்டு குடை, சீக்கிரம் காய்கிற துணி, இருவரின் ஆதார்.

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்று செய்தி வந்தால் யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலிக்குள் புகுந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அட்வான்ஸ் பணம் போனால் போகட்டும்.

வண்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். திருநெல்வேலி செங்கோட்டை ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், தென்காசி என்று மலையடிவாரத்தை ஒட்டியே போகும். மலை தெரிகிற பக்கமாக ஜன்னல் சீட்டைப் பிடித்தால் பயணமே பாதி சுற்றுலா. அம்பையிலிருந்து பாபநாசத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

ஆக, இரண்டே நாள், ஐப்பசி முற்பாதி, பேசிக்கொண்டிருக்க நேரம் வேண்டும் என்றால் அம்பை. உங்களில் ஒருவருக்காவது கழிப்பறை சுத்தமான பெரிய ஹோட்டல் இல்லாமல் தூக்கம் வராது என்றால் குற்றாலத்தில் அறை எடுத்து, பகலை மேக்கரைக்கும் ரயிலுக்கும் கொடுங்கள். மூணாவது நாள் கிடைத்தால் இரண்டையும் சேர்க்கலாம். அம்பையிலிருந்து தென்காசி ரயிலில் ஒரு மணி நேரச் சங்கதி.

விடுப்பு கார்த்திகையில்தான் கிடைக்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. கார்த்திகை ஒன்றிலிருந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குற்றாலத்தையும் செங்கோட்டையையும் நிறைத்துவிடும். அந்த மாதம் அந்தப் பக்கம் இரண்டு பேருக்கான இடம் இல்லை. அப்போது திருக்குறுங்குடிக்குப் போங்கள், அதுவும் கைசிக ஏகாதசி நாளாகப் பார்த்து. நம்பியைப் பாடப் போன நம்பாடுவான் என்கிற பக்தனை வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்ள, "பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன்" என்று சொல்லிப் போனவன் சொன்னபடியே திரும்பி வருகிற கதையை ராத்திரி கோயில் மண்டபத்தில் நாடகமாக நடிக்கிறார்கள். நின்றுபோயிருந்த அந்த நாடகத்தை 1999-ல் மீட்டெடுத்தார்கள். வள்ளியூரில் அறையை ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள்; விடிய விடிய முழித்திருக்க வேண்டும், மறுநாள் மத்தியானம் வரை தூங்க இடம் வேண்டும்.